முழம் போடும் மூட்டு

(ஓர் ஊர் நூலகத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரும் வழியில் பேருந்து நிலைய வாசலில் பூ வாங்கினேன். "ரெண்டு முழம் குடும்மா" என்றேன். அந்த அம்மா சரத்தின் நுனியை விரல் நுனியில் பிடித்து முழங்கை முனை வரை இழுத்தார். மடக்கி இன்னொரு தடவை இழுத்தார். இலையில் வைத்துக் கட்டிவிட்டார். ஐந்தடிகூட இல்லாத உருவம். "உங்க கை குட்டையா இருக்கேம்மா, என் கையில அளந்துக்கவா?" என்று கேட்டுப் பார்த்தேன். "இந்த வாசல்ல என் கைதான் சார் முழம்" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த முழம் எங்கே போய் முடிகிறதோ அந்த இடத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். இரண்டு சாண் ஒரு முழம் என்று நாம் வைத்திருப்பதைப் போல எகிப்தியர்களும் கையால்தான் அளந்தார்கள். அவர்களுடைய அரச முழம் ஏறக்குறைய 52 சென்டிமீட்டர். லத்தீனில் 'குபிட்டும்' என்றால் முழங்கை. அதுவே அளவுக்கும் பெயரானது. 'அல்னா' என்ற சொல்லுக்கும் அங்கே முழங்கை என்றுதான் பொருள். பிற்பாடு அது ஓர் எலும்பின் பெயராக ஒட்டிக்கொண்டது. உடம்பில் எத்தனையோ மூட்டுகள் இருக்க, மனிதன் துணியையும் கயிற்றையும் பூவையும் அளக்க இந்த மூட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தோலுக்கு அடியில் உடனே எலும்பு. சதைப்பிடிப்புக் கிடையாது. எவ்வளவு பருத்தவருக்கும் அந்த முனை கைக்குத் தட்டுப்படும்.

மேசைமேல் மூன்று எலும்புகள் வைத்திருக்கிறேன். மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தபோது சீனியர் ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கிய 'போன் செட்'டில் மிஞ்சியவை இவை. நீளமான இது புய எலும்பு, ஹியூமரஸ். மற்ற இரண்டும் முன்கைக்கு உரியவை. சுண்டுவிரல் பக்கம் வருவது அல்னா, கட்டைவிரல் பக்கம் வருவது ரேடியஸ். லத்தீனில் ரேடியஸ் என்பது சக்கரத்தின் ஆரக்கால். தமிழில் ஆரை எலும்பு என்று பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். இலங்கைத் தமிழில் அல்னாவுக்கு அரந்தி என்று ஒரு சொல் உண்டு. தமிழில் உடற்கூறு சொல்ல முடியுமா என்று இன்றைக்கும் சிலர் சந்தேகப்படுகிறார்கள். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், கிரேயின் உடற்கூற்று நூலையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். சந்தேகம் தீர்ந்து நூற்றைம்பது வருஷம் ஆகிறது. நமக்குத்தான் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

சரி, இந்தப் புய எலும்பின் கீழ் முனையைப் பாருங்கள். உள்பக்கம் கிணற்று ராட்டினம் மாதிரி நடுவில் பள்ளம் விழுந்த உருளை. கப்பி என்பதைத்தான் கிரேக்கத்திலிருந்து எடுத்து 'ட்ராக்ளியா' என்றார்கள். அதன் வெளிப்பக்கத்தில் கோலிக்குண்டைப் பாதியாக வெட்டி ஒட்டியது போல ஓர் உருண்டை இருக்கிறது. அதற்குப் பெயர் 'கபிட்டுலம்', சின்னத் தலை. ஒரே எலும்பின் முனையில் ஒரு ராட்டினமும் ஒரு கோலியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இந்த மூட்டின் கதை முழுக்க இதற்குள் இருக்கிறது.

அல்னாவின் மேல்முனை பிளம்பர் கையிலுள்ள ஸ்பேனரின் வாய் மாதிரி திறந்திருக்கும். அந்த வாய் ராட்டினத்தைக் கவ்விக்கொள்ளும். பின்பக்கத் தாடைதான் பூக்கார அம்மாவின் முழம் முடிகிற முனை, 'ஒலிக்ரனான்'. முன்பக்கத் தாடை சின்னது, கூர்மையானது. காக்கை மூக்கைப் போலிருக்கிறது என்று 'கொரனாய்டு' என்று கிரேக்கப் பெயர் சூட்டினார்கள். கையை நீட்டும்போது பின்தாடை புய எலும்பின் பின்னாலுள்ள குழிக்குள் போய் முட்டி நிற்கும். கை பின்பக்கமாக வளையாமல் இருப்பது இந்த முட்டலால்தான். சிலருக்கு, முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு, நேர்கோட்டையும் தாண்டி ஐந்து பத்து டிகிரி வளையும். அது நோயில்லை. மடக்கும்போது காக்கை மூக்கு முன்பக்கக் குழிக்குள் போகும். முன்குழிக்கும் பின்குழிக்கும் நடுவில் எலும்பு எவ்வளவு தடிப்பு தெரியுமா? இதோ, விளக்குக்கு நேரே பிடிக்கிறேன். வெளிச்சம் ஊடுருவி வருகிறது பாருங்கள். சிலருடைய எலும்பில் அந்த இடத்தில் ஓட்டையே இருக்கும். இந்த மெல்லிய இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

மூன்றாவது ரேடியஸ். இதன் தலை கேரம் காயைவிடக் கொஞ்சம் சின்ன வட்டு, மேலே லேசாகக் குழிந்திருக்கும். அந்தக் குழி கோலியின் மேல் உட்காரும். வட்டைச் சுற்றி வளையல் போட்டது போல ஒரு தசைநார் ஓடி இரண்டு பக்கமும் அல்னாவில் கட்டியிருக்கிறது. வளையலுக்குள் வட்டு சுழலும்.

முழங்கையைக் கதவுக் கீல் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பாதிதான் சரி. ராட்டினமும் ஸ்பேனரும் சேர்ந்தது கீல். வட்டும் வளையலும் சேர்ந்தது அச்சில் சுழலும் திருகு. கோலியும் வட்டும் தொடும் இடம் இரண்டு வேலைக்கும் பொது. ஆக மூன்று மூட்டுகள் ஒரே உறைக்குள் குடியிருக்கின்றன. ஒரு வீட்டுக்குள் மூன்று குடித்தனம், ஒரே வாசல். ஒருவர் வீட்டில் சண்டை வந்தால் மற்ற இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

இப்போது உங்களுடைய கையிலேயே பார்க்கலாம். இடது முழங்கையை மடக்குங்கள். வெளிப்பக்கம் துருத்தும் மேட்டைத் தொட்டுக்கொண்டு, அதற்கு ஒரு விரல்கடை கீழே வலது கட்டைவிரலை அழுத்துங்கள். இப்போது இடது உள்ளங்கையை மேலே, கீழே, மேலே, கீழே என்று திருப்புங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருளுகிறதா? அதுதான் ரேடியஸின் தலை. உள்ளங்கை மேலே பார்க்கும்போது இரண்டு எலும்பும் இணையாகக் கிடக்கும். கவிழ்க்கும்போது ரேடியஸ் அல்னாவைக் குறுக்கே தாண்டிப் பெருக்கல் குறி போட்டுவிடும். அல்னா ஏறக்குறைய அசையாது. முழங்கையில் அல்னா பெரியது, ரேடியஸ் சின்னது. மணிக்கட்டுக்குப் போனால் ரேடியஸ் பெரியது, அல்னா சின்னது. கையை மேலே பிடித்து வைத்திருப்பவர் ஒருவர், கீழே உள்ளங்கையைச் சுமப்பவர் இன்னொருவர்.

இது ஆட்டுக்குக் கிடையாது. கறிக்கடையில் முன்னங்காலை வெட்டச் சொல்லிப் பாருங்கள். ஆட்டில் ரேடியஸும் அல்னாவும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருக்கும். முன்னங்காலில் நாம் முட்டி என்று நினைப்பது அதன் மணிக்கட்டு. முழங்கை மேலே மார்புக்கூட்டை ஒட்டி இருக்கிறது. அதற்கு ஓடினால் போதும், குளம்பைத் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை. நமக்கோ சோற்றைப் பிசையக் கை கவிழ வேண்டும், வாய்க்குக் கொண்டுபோகும் வழியிலேயே மடங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். விபத்தில் இந்தத் திருப்பம் போனவர்கள் என்னிடம் முதலில் சொல்வது வலியைப் பற்றி இல்லை. "சில்லறை வாங்கக் கை நீட்ட முடியலீங்க, உள்ளங்கை மேல வரமாட்டேங்குது" என்பார்கள்.

திருப்புவதில் பைசெப்ஸ் தசைக்குப் பெரிய பங்கு. கண்ணாடி முன்னால் நின்று நாம் காட்டுகிற தசை அது. மடக்குவதற்கென்றே இருக்கும் உழைப்பாளி அதற்கு அடியில் மறைந்திருக்கிற பிரேக்கியாலிஸ். பைசெப்ஸ் ரேடியஸில் போய்ப் பிடிப்பதால், மடக்கிய கையை உள்ளங்கை மேலே வருமாறு திருப்புகிறது. வலக்கைக்காரர் திருகாணியை இறுக்கும் திசை அது. மூடியைத் திறக்கும் திசையில் அந்தப் பலம் இல்லை. ஊறுகாய்ப் பாட்டில் திறக்க வராமல் வீட்டில் நடக்கிற வாக்குவாதத்தில் உடற்கூறுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. கையை மடக்கி உள்ளங்கையில் ஐந்து கிலோ அரிசிப் பை. மூட்டிலிருந்து பை ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. பைசெப்ஸ் பிடித்திருக்கும் இடமோ மூட்டிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர்தான். கிணற்றுத் துலாவை யோசியுங்கள், கணக்கு தானே வரும். அந்த ஐந்து கிலோவுக்குத் தசை முப்பத்தைந்து, நாற்பது கிலோ பலத்தில் இழுக்க வேண்டும். முன்கையின் சொந்த எடையை நான் சேர்க்கவே இல்லை. நஷ்ட வியாபாரம் மாதிரித் தெரியும். ஆனால் தசை ஒரு சென்டிமீட்டர் சுருங்கினால் கை ஏழெட்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பலத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கிறோம்.

வேகம் என்றதும் முத்தையா முரளிதரன் நினைவுக்கு வருகிறார். கண்டியில் பிறந்த தமிழர். பிறவியிலேயே அவருடைய வலது முழங்கை முழுதாக நிமிராது. 1995 டிசம்பர் 26, மெல்போர்ன் டெஸ்ட். நடுவர் டேரல் ஹேர் மூன்று ஓவர்களுக்குள் ஏழு தடவை நோபால் கொடுத்தார். பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று குற்றச்சாட்டு. கிரிக்கெட் சட்டம் கேட்பது கை வளைந்திருக்கிறதா என்று இல்லை. கை தோள்மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து விரலை விட்டுப் போகும் வரை வளைவு நிமிர்கிறதா என்றுதான் கேட்கிறது. முப்பது டிகிரி வளைந்த கை முப்பது டிகிரியிலேயே இருந்தால் தப்பில்லை.

அப்படியானால் கண்ணுக்கு ஏன் எறிவது போலத் தெரிந்தது? வீட்டில் செய்து பாருங்கள். பழைய குடைக்கம்பி ஒன்றை நடுவில் கொஞ்சம் வளைத்து, விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். கம்பியின் வளைவு மாறவே இல்லை. ஆனால் சுவரில் விழும் நிழல் வளையும், நேராகும், மறுபடி வளையும். வளைந்த கை தோளில் சுழன்று வரும்போது எல்லைக்கோட்டிலிருந்து பார்ப்பவர் கண்ணிலும் அப்போதைய தொலைக்காட்சித் திரையிலும் விழுந்தது இந்த நிழல்தான். பெர்த்திலுள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பல கேமராக்கள் வைத்து முப்பரிமாணத்தில் அளந்தார்கள். 2004இல் முழங்கை நிமிர முடியாதபடி பூட்டும் கவசத்தை மாட்டிக்கொண்டே பந்துவீசிக் காட்டினார் முரளி. இந்த அளவைகளில் இன்னொன்றும் அம்பலமானது. சுத்தமான கை என்று பெயரெடுத்த பலரும் பந்துவீசும்போது கண்ணுக்குத் தெரியாமல் சில டிகிரி நிமிர்த்திக்கொண்டுதான் இருந்தார்கள். 2005 மார்ச்சிலிருந்து எல்லோருக்கும் 15 டிகிரி வரை அனுமதி என்று விதி வந்தது. முரளி 2010இல் காலியில் 800 விக்கெட்டோடு முடித்துக்கொண்டார். எனக்குக் கிரிக்கெட் பற்றிப் பேசும் தகுதி இல்லை, மன்னியுங்கள். ஆனால் ஒரு முழங்கையின் கோணத்துக்காக இவ்வளவு கேமராக்கள் கூடியது எங்கள் தொழிலுக்குக் கிடைத்த மரியாதை.

டென்னிஸ் எல்போ பற்றி யாராவது கேட்பீர்கள். 2005இல் சச்சின் டெண்டுல்கர் அதற்காக அறுவை செய்துகொண்டார். அது மூட்டு நோயே அல்ல. வெளிமேட்டில் பிடித்திருக்கும் மணிக்கட்டுத் தசைகளின் நாண் நைந்துபோவது. டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காத, துணி பிழிகிற, சப்பாத்தி தேய்க்கிற பெண்களிடம்தான் நான் அதிகம் பார்க்கிறேன். முழங்கை இடித்தால் கரண்ட் அடித்தது போல விரல்வரை ஓடுமே, அது எலும்பும் இல்லை. உள்மேட்டுக்குப் பின்னால் தோலுக்கு அடியிலேயே ஓடும் அல்னா நரம்பு. அதனால்தான் மின்னல் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் போகிறது, கட்டைவிரலுக்குப் போவதில்லை.

அந்த மெல்லிய எலும்புக்குத் திரும்புகிறேன். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளை மாமரத்திலிருந்தோ சைக்கிளிலிருந்தோ விழும்போது கையை நீட்டி ஊன்றும். பின்தாடை குழியில் போய் நெம்புகோலாக முட்டும். இரண்டு குழிகளுக்கு இடையிலான அந்த இடம் முறியும். குழந்தைகளின் முழங்கை முறிவுகளில் அதிகம் வருவது இதுதான். வீங்கிய கையோடு பிள்ளை வந்தவுடன் எக்ஸ்ரேக்கு அனுப்புவதற்கு முன்னால் நான் ஒன்று பார்ப்பேன். நீங்களும் பாருங்கள். உங்கள் கையைப் பின்னாலிருந்து பிடித்து, இரண்டு பக்க மேடுகளில் கட்டைவிரலும் நடுவிரலும், முனையில் ஆள்காட்டி விரலும் வையுங்கள். கை நீட்டியிருக்கும்போது மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். மடக்கினால் முக்கோணம். மேலே எலும்பு முறிந்தாலும் முக்கோணம் கெடாது, மூன்று புள்ளியும் சேர்ந்தே நகர்ந்திருக்கும். மூட்டு விலகியிருந்தால் முக்கோணம் கலைந்துவிடும். 1895இல் ராண்ட்ஜென் எக்ஸ்ரே கண்டுபிடிக்கும் வரை இந்த மூன்று விரல்தான் மருத்துவர்களின் எக்ஸ்ரே.

சின்னப் பிள்ளையின் எக்ஸ்ரேயைப் பார்த்துப் பெற்றோர் பதறுவார்கள். எலும்பு துண்டு துண்டாக மிதப்பது போலிருக்கும். பிறக்கும்போது முழங்கை முனைகள் குருத்தெலும்புதான், படத்தில் விழாது. பிறகு ஆறு இடங்களில் எலும்பு முளைவிடும். ஏறக்குறைய 1, 3, 5, 7, 9, 11 வயதில், ஒற்றைப்படையாக. அதனால் சந்தேகம் வந்தால் நல்ல கையையும் படமெடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். "அடிபடாத கைக்கு எதுக்கு டாக்டர் காசு?" என்று கேட்பார்கள். இதற்குத்தான்.

இன்னொரு விஷயம். மணிக்கட்டுப் பக்கம் கோணலாகச் சேர்ந்த எலும்பு, பிள்ளை வளர வளரத் தானே நேராகிவிடும். முழங்கைப் பக்கம் அந்த நம்பிக்கை வைக்க முடியாது. புய எலும்பின் வளர்ச்சியில் ஐந்தில் நாலு பங்கு தோள்பக்கம் நடக்கிறது, ஒரு பங்குதான் இங்கே. இங்கே கோணலாகச் சேர்ந்தால் பெரும்பாலும் கோணல்தான். இயல்பாக நம் கை நீட்டினால் முன்கை உடம்பை விட்டுக் கொஞ்சம் வெளியே விலகி நிற்கும். வாளி தூக்கும்போது இடுப்பில் இடிக்காமல் இருப்பது அதனால்தான். முறிவு கோணலாகச் சேர்ந்தவர்களுக்கு அது உள்பக்கம் திரும்பி, துப்பாக்கிக் கட்டை மாதிரி ஆகிவிடும்.

கோணலைவிட எனக்குப் பயம் வேறு இரண்டு விஷயத்தில். முறிந்த எலும்பின் கூர்முனைக்கு எதிரேதான் கையின் பெரிய ரத்தக்குழாய் போகிறது. ரத்த அழுத்தம் பார்க்கும்போது ஸ்டெதஸ்கோப் வைக்கிறோமே, அதே இடம். அதன்மேல் இறுக்கிக் கட்டினால், வீக்கமும் கட்டும் சேர்ந்து நெருக்கி, முன்கைத் தசைகள் சில மணி நேரத்தில் செத்துவிடும். பிழைத்த விரல்கள் கோழிக்கால் போல மடங்கி நின்றுவிடும். 1881இல் ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் இதை எழுதிவைத்தார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் கட்டில் மட்டும் இது வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரி மாவுக்கட்டிலும் வரும். கட்டுப் போட்ட பிள்ளை மருந்து கொடுத்தும் அழுகையை நிறுத்தவில்லை, விரலைத் தொட்டு நிமிர்த்தினாலே கத்துகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, எண்ணெய். அடிபட்ட முழங்கையை உருவிவிடுவது நம் ஊரில் பாசம். முன்னால் சொன்ன பிரேக்கியாலிஸ் தசை மூட்டின் முன்சுவரில் ஒட்டிக்கிடக்கிறது. எலும்பு முறிந்தாலோ விலகினாலோ அதற்குள் ரத்தம் கட்டும். அதைத் தினமும் எண்ணெய் போட்டு நீவினால் தசைக்குள் எலும்பு விளையும். ஏழு வயதுப் பையன் ஒருவனை மூன்று வாரம் உருவியபிறகு என்னிடம் அழைத்து வந்தார் அவனுடைய தாத்தா. கை செங்கோணத்தில் நின்றுவிட்டது. சட்டை பட்டன் போட அவனால் முடிந்தது. முகம் கழுவ அந்தக் கை வரவில்லை. தாத்தா சொன்னார், "நல்லெண்ணெய்தான் சார் போட்டேன், வேற எதுவும் போடலை." எண்ணெய்மேல் தப்பில்லை என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. படத்தில் வெள்ளையாக விளைந்து நின்ற எலும்பைக் காட்டினேன். அது முறிந்த எலும்பு கூடி வருவது என்று சந்தோஷப்பட்டார்.

முழங்கை ஏன் இப்படிக் கோபித்துக்கொள்கிறது? தோள்மூட்டு தட்டில் வைத்த பந்து மாதிரி. தசைகள் பிடித்து நிறுத்துகின்றன, கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சமாளிக்கும். முழங்கை எலும்புக்குள் எலும்பு செதுக்கிச் சொருகியது. தச்சர் போட்ட நல்ல இணைப்பில் ஒரு மணல் துகள் விழுந்தாலும் சிக்கும். பெரியவர்களுக்கும் மூன்று வாரத்துக்கு மேல் அசைக்காமல் கட்டிவைத்தால் இறுகிப்போகும். அதனால்தான் முடிந்தவரை சீக்கிரம் அசைக்கச் சொல்கிறோம். அசைக்க வேண்டியவர் நோயாளி. பக்கத்து வீட்டுக்காரர் பிடித்து இழுக்கக்கூடாது. மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மோரியும் சகாக்களும் 1981இல் அன்றாட வேலைகளை அளந்து, 30 டிகிரியிலிருந்து 130 டிகிரி வரை மடங்கினால் பெரும்பாலான வேலை நடக்கும் என்றார்கள். பின்னால் ஜடையில் பூ வைக்க எத்தனை டிகிரி என்று அவர்கள் அளக்கவில்லை. என் நோயாளிகளில் பல பெண்களுக்கு அதுதான் முதல் இலக்கு.

கடைசியாக, சந்தோஷமான ஒன்று. இரண்டு வயதுக் குழந்தை. சாலையைக் கடக்கும்போது அப்பா கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கிவிடுவார். அந்த நொடியிலிருந்து குழந்தை கையைத் தொங்கப் போட்டுவிடும். வீக்கம் இல்லை, விழவும் இல்லை. வட்டைச் சுற்றிய வளையல் அந்த வயதில் தளர்வாக இருக்கும். இழுத்த இழுப்பில் அது நழுவி வட்டுக்கும் கோலிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். நான் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையை மேலே திருப்பி மடக்குவேன். கட்டைவிரலுக்கு அடியில் 'டொக்' என்று ஒரு சின்ன அசைவு. குழந்தை வீறிடும், நான் எழுந்து போய்விடுவேன். பத்து நிமிஷம் கழித்து எட்டிப் பார்த்தால் அதே கையால் பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்பாவுக்குத்தான் அழுகை நிற்காது. இதைக் கேட்டுவிட்டு வீட்டில் நீங்களே திருப்பிப் பார்க்க வேண்டாம். விழுந்த கையும் இழுத்த கையும் வெளியிலிருந்து ஒன்றுபோலத்தான் தொங்கும்.

எலும்புகளை மேசையிலேயே விட்டுவைக்கிறேன். மேலே வந்து கையில் எடுத்துப் பாருங்கள், பிள்ளைகளையும் தொடச் சொல்லுங்கள். ராட்டினத்தில் ஸ்பேனரைப் பொருத்தி மடக்கினால் சரியாக உட்காரும். மூன்றும் ஒரே ஆளுடையவை. ரேடியஸின் தலையை மட்டும் பார்த்துப் பிடியுங்கள். ஓரத்தில் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது. அது நோயில்லை, நான் முதலாண்டில் கீழே போட்டது.